நிர்வாகி இல்லாத கணினி: வீட்டில் இயங்குதளப் புதுப்பிப்பும் பாதுகாப்பும்

அலுவலகக் கணினிகளைப் பேணுவதற்கென்று நிர்வாகி ஒருவர் இருப்பார். எந்தப் புதுப்பிப்பை எப்போது நிறுவுவது, எந்தக் கணக்குக்கு எவ்வளவு உரிமை கொடுப்பது, கோப்புகளின் நகலை எங்கே சேமித்து வைப்பது என்பவையெல்லாம் அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலைகள். அதே இயங்குதளத்தோடும் அதே ஓட்டைகளோடும் அதே இணையத்தில் இணைந்திருக்கும் வீட்டுக் கணினிக்கு அப்படி ஒருவர் கிடையாது. வன்பொருளுக்கும் பயனருக்கும் நடுவே நின்று நினைவகம், வட்டு, வலைத்தொடர்பு, உரிமைகள் ஆகியவற்றைப் பங்கிட்டுத் தரும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு, வீட்டைப் பொறுத்தவரை, பெயரளவில் உரிமையாளரிடமும் நடைமுறையில் அதைத் தயாரித்த நிறுவனத்திடமும் இருக்கிறது. இந்தப் பொறுப்பு எப்படிக் கைமாறியது, கைமாறிய பிறகும் பல வீடுகளில் புதுப்பிப்பு முடக்கப்பட்டே கிடப்பது ஏன் என்ற இரு கேள்விகளையும், வீட்டுக் கணினிகளில் மிகுதியாகப் புழங்கும் விண்டோஸை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பாதுகாப்பு பற்றிய பொதுக் கருத்துக்கும் துறை அறிந்தோர் கருத்துக்கும் இடையிலுள்ள தொலைவை 2015இல் வெளிவந்த கூகுள் ஆய்வாளர்களின் ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. இணையத்தில் பாதுகாப்பாக இருப்பதற்குத் தாம் செய்யும் மிக முக்கியமான மூன்று செயல்கள் எவை என்று 231 வல்லுநர்களிடமும் 294 சாதாரணப் பயனர்களிடமும் கேட்கப்பட்டபோது, வல்லுநர்களில் 35 விழுக்காட்டினர் மென்பொருள் புதுப்பிப்பைக் குறிப்பிட்டனர். மற்றவர்களில் அதைச் சொன்னவர்கள் 2 விழுக்காட்டினரே. ஆன்டிவைரஸ் என்று சொன்ன சாதாரணப் பயனர்கள் 42 விழுக்காடு, வல்லுநர்கள் 7 விழுக்காடு. இந்த வேறுபாட்டை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆன்டிவைரஸ் பயனர் கண்ணுக்குத் தெரியும்படி வேலை செய்கிறது, எதையோ பிடித்ததாக அறிவிக்கிறது. புதுப்பிப்போ, நடக்காமல் போன தீங்கைத் தவிர வேறு பயன் எதையும் காட்டுவதில்லை. அது கண்ணில் படுவதெல்லாம் தொந்தரவாக மட்டுமே.

வல்லுநர்கள் புதுப்பிப்பை முன்னால் வைப்பதற்கான காரணம் பாதுகாப்பு ஓட்டையின் இயல்பிலேயே உள்ளது. நிரலில் இருக்கும் பிழை, வெளியாள் ஒருவர் தம் கட்டளைகளை அந்தக் கணினியில் ஓட்டுவதற்கு வழிவிடும்போது அது ஓட்டை எனப்படுகிறது. அதை அடைக்கும் திருத்தம் பேட்ச் எனப்படுகிறது. பேட்ச் வெளியாவதும் ஆபத்து நீங்குவதும் ஒரே கணத்தில் நிகழ்வன அல்ல. பேட்சுக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எவருக்கும், எந்த இடம் மாறியிருக்கிறதோ அந்த இடத்தில்தான் ஓட்டை இருந்தது என்பது புலப்பட்டுவிடும். அதுவரை சிலருக்கு மட்டுமே தெரிந்திருந்த பிழை, திருத்தம் வெளியான நாளிலிருந்து ஊரறிந்ததாகிறது. ஆகவே பேட்சை நிறுவாத கணினி முன்பிருந்த அதே நிலையில் இருக்கிறது என்று கருதுவது தவறு, அதன் நிலை முன்பைவிட மோசமாகிறது.

2003இல் பிளாஸ்டர் என்னும் புழு பரவியபோது வீடுகள் இதை நேரில் கண்டன. புழு என்பது யாரும் எதையும் சொடுக்காமலே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவும் தீநிரல். விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 2000 ஆகியவற்றில் தொலைநிலை அழைப்புகளைக் கையாளும் சேவையில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்று பேட்ச் வெளியிட்டிருந்தது. ஆகஸ்ட் 11 அன்று புழு வந்தது. திரையில் ஒரு பெட்டி தோன்றி அறுபது நொடியிலிருந்து இறங்கி எண்ணும். பிறகு கணினி தானே அணைந்து மீண்டும் கிளம்பும். இணையத்தில் இணைந்தவுடன் மறுபடியும் அதே எண்ணிக்கை. பேட்சைப் பதிவிறக்குவதற்குத் தேவையான நேரம்கூடக் கிடைக்காதபடி கணினி அணைந்துகொண்டிருந்ததுதான் அந்தப் புழுவின் குரூரமான வேடிக்கை. திருத்தம் 26 நாட்களாகக் கிடைத்தும் ஏராளமான வீடுகளில் அதைப் போட யாரும் இல்லை என்பதை அந்த நிகழ்ச்சி தயாரிப்பாளருக்கு உணர்த்தியது.

அதன் பின்னர் எடுக்கப்பட்ட முடிவுகளே இன்றைய முறையின் அடித்தளம். அதே ஆண்டு அக்டோபர் முதல் பேட்சுகள் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று மொத்தமாக வெளியிடப்படலாயின. அமெரிக்கப் பசிபிக் நேரப்படி காலையில் வெளியாகும் அவை இந்தியாவை அடையும்போது இரவாகிவிடுவதால், இங்குள்ள வீடுகளில் அவை பெரும்பாலும் புதன்கிழமைத் தொல்லையாகவே அறியப்படுகின்றன. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு, உள்ளே வரும் தொடர்புகளைச் சலித்துத் தடுக்கும் ஃபயர்வாலைத் தானாகவே இயங்கும்படி வைத்தது. தானியங்கிப் புதுப்பிப்பை முடுக்கிவிடும்படி பயனரை வற்புறுத்தவும் தொடங்கியது. 2015இல் வந்த விண்டோஸ் 10 இன்னும் ஓர் அடி சென்று, வீட்டுப் பதிப்பில் புதுப்பிப்பை வேண்டாம் என்று சொல்லும் தெரிவையே நீக்கிவிட்டது. ஒவ்வொரு பேட்சையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் வழக்கமும் போய், முந்தைய மாதங்களின் திருத்தங்கள் அனைத்தையும் தன்னுள் அடக்கிய ஒரே திரள் தொகுப்பாக அது வரலாயிற்று. நிர்வாகி இல்லாத கணினிக்குத் தொலைவிலிருந்து ஒரு நிர்வாகி அமர்த்தப்பட்டார், அமர்த்தும்படி யாரும் கேட்காமலே.

இந்த ஏற்பாடு தேவையானதுதான் என்பதற்கு 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை சான்று. கோப்புகளை மறைகுறியாக்கிவிட்டு, திறவுகோலுக்காக 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்ட இந்த ரான்சம்வேர், அதாவது பணம் பறிக்கும் தீநிரல், 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தொட்டது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச் 14 அன்றே, 59 நாட்களுக்கு முன்பே வந்திருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். ஆதரவு முடிந்துபோயிருந்த எக்ஸ்பிதான் காரணம் என்று தொடக்கத்தில் பரவிய கருத்து பின்னர் பொய்யாயிற்று. இலவசமாகத் திருத்தம் கிடைத்துக்கொண்டிருந்த, ஆனால் அதைப் போடாமல் விடும் உரிமையும் பயனரிடம் இருந்த இயங்குதளமே விழுந்தது.

இவ்வளவு தெரிந்திருந்தும் புதுப்பிப்பைத் தவிர்ப்பவர்கள் குறையவில்லை. அவர்களை அக்கறையற்றவர்கள் என்று தீர்ப்பளிப்பது எளிது. சான்றுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. விண்டோஸ் பயனர்களை நேர்காணல் செய்து கேமி வேனியா, எமிலி ரேடர், ரிக் வாஷ் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, ஒருமுறை புதுப்பித்தபோது பழகிய திரை மாறிப்போனது அல்லது ஏதோ ஒரு வசதி வேலை செய்யாமல் போனது போன்ற கசப்பான அனுபவமே பிற்காலத்தில் எல்லாப் புதுப்பிப்புகளையும் தள்ளிப்போட வைக்கிறது என்று கண்டது. பாதுகாப்புத் திருத்தம், புதிய வசதி, தோற்ற மாற்றம், விளம்பரம் ஆகிய நான்கும் ஒரே குழாய் வழியாக வரும்போது, முதலாவதற்காகக் கொடுக்கப்பட்ட நம்பிக்கையைப் பின்வரும் மூன்றும் செலவழித்துவிடுகின்றன. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே: வீட்டுக் கணினியின் பாதுகாப்பு இன்று தொழில்நுட்பத்தால் குறைவதைவிட அதிகமாக, தொலைவிலிருக்கும் அந்த நிர்வாகி தன் பதவியை வேறு காரியங்களுக்கும் பயன்படுத்துவதால் குறைகிறது.

விண்டோஸ் 7, 8.1 கணினிகளை 10க்கு மாற்றுவதற்காக 2015, 2016 ஆண்டுகளில் நடந்த முயற்சி இதற்குக் கண்கூடான எடுத்துக்காட்டு. மாற்ற அழைப்பைக் காட்டும் நிரலே ஒரு புதுப்பிப்பாக அனுப்பப்பட்டது. 2016இல், அழைப்புப் பெட்டியின் மூலையிலுள்ள பெருக்கல் குறியைச் சொடுக்கி மூடினால் அது மறுப்பாகக் கொள்ளப்படாமல், குறிக்கப்பட்ட நேரத்தில் மாற்றத்துக்கு இசைந்ததாகக் கொள்ளப்பட்டது. பெருக்கல் குறி என்றால் வேண்டாம் என்று பொருள்படும் வழக்கத்தை அந்த நிறுவனமே இருபது ஆண்டுகளாக மக்களுக்குப் பழக்கியிருந்தது. கலிஃபோர்னியாவில் பயண முகவர் ஒருவர் தம் வேலைக் கணினி கெட்டுப்போனதாக வழக்குத் தொடுத்து 10,000 டாலர் பெற்றார். வழக்குக்குப் போகாத பலர் புதுப்பிப்புச் சேவையையே நிறுத்திவிட்டனர்.

2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு செய்த சேதம் இதைவிடக் கொடியது. சி டிரைவ் நிறையாமலிருக்க டாக்குமெண்ட்ஸ் கோப்புறையை டி டிரைவுக்கு மாற்றி வைப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். அவ்வாறு மாற்றிய பிறகும் பழைய இடத்தில் சில கோப்புகள் தங்கியிருந்தால், அந்தப் பதிப்பு பழைய கோப்புறையைத் தேவையற்ற இரட்டிப்பு என்று கருதி, உள்ளே இருந்தவற்றோடு சேர்த்து அழித்தது. இழப்பைப் புகாராகச் சொன்னவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் அளவே என்று மைக்ரோசாஃப்ட் கூறி, சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்தி, நவம்பரில் திருத்தி மீண்டும் வெளியிட்டது. ஆனால் திருமணப் படங்களை இழந்த ஒரு குடும்பத்துக்குப் பத்தாயிரத்தில் ஒன்று என்ற கணக்கால் ஆறுதல் இல்லை. அடுத்த ஆண்டு மே மாதப் பதிப்பில் வீட்டுப் பயனர்களுக்கும் புதுப்பிப்பை ஏழேழு நாட்களாக, அதிகபட்சம் 35 நாட்கள் வரை, இடைநிறுத்தி வைக்கும் உரிமை வழங்கப்பட்டது.

2024 ஜனவரி 9 அன்று வந்த கேபி 5034441 என்ற எண்ணுடைய பேட்ச் இன்னொரு வகையில் பாடமாகிறது. கணினி கிளம்ப மறுக்கும்போது பழுதுபார்க்க உதவும் மீட்புச் சூழல், வட்டின் சிறு பகுதி ஒன்றில் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. அதன் வழியாக வட்டு மறைகுறியாக்கத்தைத் தாண்டிச் செல்ல வழியிருந்ததை இந்தப் பேட்ச் அடைத்தது. ஆனால் அதை நிறுவ அந்தப் பகுதியில் 250 மெகாபைட் காலி இடம் தேவைப்பட்டது. விண்டோஸ் தானே உருவாக்கிய மீட்புப் பகுதி பல கணினிகளில் அதற்குப் போதாத அளவில் இருந்தது. விளைவாக, எண்களும் எழுத்துகளும் கலந்த ஒரு பிழைக்குறியுடன் நிறுவல் தோற்பதும் மீண்டும் முயல்வதுமாக மாதக்கணக்கில் ஓடியது. தீர்வாக நிறுவனம் தந்தது, வட்டுப் பகுதிகளைச் சுருக்கிப் பெருக்கும் கட்டளைகளைக் கைப்பட அடிக்கும் வழிமுறை. ஓர் எழுத்துப் பிசகினால் வட்டையே இழக்க நேரும் அந்த வேலையை, நிர்வாகி வேண்டாம் என்பதற்காகவே தானியங்கி முறைக்கு மாற்றப்பட்ட வீட்டுப் பயனரிடம் ஒப்படைத்தது விந்தைதான். மறைகுறியாக்கமே பயன்படுத்தாத கணினிகளுக்கும் அந்தப் பேட்ச் அனுப்பப்பட்டது.

குற்றம் முழுவதையும் இயங்குதளத் தயாரிப்பாளர் மேல் போட்டுவிடவும் முடியாது. 2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்களில் கணினி முடங்கியதைக் காட்டும் நீலத் திரை தோன்றியபோது விண்டோஸ் புதுப்பிப்பே காரணம் என்று பலர் நம்பினர். உண்மையில் அது கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய கோப்பின் பிழை. அது 85 லட்சம் கணினிகளைச் சாய்த்தும், நிறுவனங்கள் மட்டுமே வாங்கும் மென்பொருள் என்பதால் வீட்டுக் கணினிகளைத் தொடவில்லை.

இந்தியச் சூழலில் தவிர்ப்புக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது திருட்டுப் பிரதி. கடையில் கணினியை ஃபார்மட் போட்டுக் கொடுக்கும்போது, உரிமம் இல்லாத விண்டோஸை ஆக்டிவேட்டர் என்னும் கருவியால் இயக்கிவிட்டு, புதுப்பிப்பையும் அணைத்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அப்டேட் போட்டால் மாட்டிக்கொள்ளும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இந்த அச்சம் கட்டுக்கதை அன்று. 2010இல் விண்டோஸ் 7க்கு அனுப்பப்பட்ட கேபி 971033 என்ற புதுப்பிப்பு, எழுபதுக்கும் மேற்பட்ட முறைகேடான இயக்க வழிகளைக் கண்டறிந்து, திரையைக் கறுப்பாக்கி, பிரதி உண்மையானதன்று என்று மூலையில் எழுதிக் காட்டியது. திருட்டுப் பிரதிகளுக்கும் பாதுகாப்புப் பேட்சுகள் கிடைக்கும் என்பதே அப்போது நிறுவனத்தின் கொள்கை. ஆயினும் உரிமச் சோதனையும் அதே வழியில் வந்ததால் கடைக்காரர் குழாயையே அடைத்தார். ஆக்டிவேட்டர் இயங்குவதற்கு ஆன்டிவைரஸை நிறுத்தும்படி கேட்பது வழக்கம் என்பதும், தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு முழு நிர்வாகி உரிமை கொடுத்துவிட்டு வாசலைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருளில்லை என்பதும் இங்கே சேர்த்துச் சொல்லத்தக்கவை.

இரண்டாவது காரணம் டேட்டா. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைப்பவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி கிடைக்கும் திட்டத்தில் ஒரு திரள் தொகுப்பு பெரும் பங்கைத் தின்றுவிடும். அந்த இணைப்பை அளவிடப்படும் இணைப்பாக, அதாவது மீட்டர்டு கனெக்‌ஷனாகக் குறித்து வைத்தால் பெரிய பதிவிறக்கங்கள் நின்றுகொள்ளும். வாரத்தில் ஒருநாள் வைஃபை கிடைக்கும் இடத்தில் புதுப்பித்துக்கொள்ளலாம். சேவையை அடியோடு அணைப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

அப்படியானால் எவ்வளவு காலம் தள்ளிப்போடுவது தகும்? மாதாந்தரப் பேட்சில் பெரும் கோளாறு இருந்தால் அது பெரும்பாலும் சில நாட்களுக்குள் தெரிந்துவிடுகிறது. பெரும் புழுக்கள் பேட்சுக்குப் பின் சில வாரங்கள் கழித்தே வந்திருக்கின்றன. எனவே ஒரு வாரம் இடைநிறுத்தி வைப்பதைப் பொறுப்பான எச்சரிக்கை என்றே கொள்ளலாம். ஏற்கெனவே தாக்குதலில் பயன்படும் ஓட்டைக்கான அவசரத் திருத்தத்துக்கும், நாள்தோறும் அயலார் பக்கங்களைத் திறக்கும் உலாவிக்கும் அந்தச் சலுகை பொருந்தாது. ஆண்டுக்கொருமுறை வரும் பதிப்பு மாற்றத்துக்கோ சில மாதங்கள்கூடக் காத்திருக்கலாம். பழைய பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் வரை அதில் இழப்பேதும் இல்லை.

புதுப்பிப்பு வரும் வழியே நம்பத்தக்கதா என்ற கேள்வியும் உண்டு. ஒவ்வொரு தொகுப்பிலும் தயாரிப்பாளரின் இலக்கமுறைக் கையொப்பம், அதாவது அவரிடம் மட்டுமே உள்ள திறவுகோலால் கணக்கிடப்பட்ட சரிபார்ப்பு எண், இருக்கிறது. அது பொருந்தாவிட்டால் கணினி அதை ஏற்பதில்லை. ஆனால் 2012இல் மேற்காசியாவில் கண்டறியப்பட்ட ஃபிளேம் என்ற உளவு நிரல், எம்டி5 என்ற பழைய கணக்கு முறையின் பலவீனத்தைக் கொண்டு மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தையே போலியாக உருவாக்கி, உள்வலையில் விண்டோஸ் புதுப்பிப்பாக வேடமிட்டுப் பரவியது. லினக்ஸ் உலகில் 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலுக்குள் இரண்டாண்டுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்த பங்களிப்பாளர் ஒருவர் பின்கதவு வைத்திருந்தது வெளிப்பட்டது. தொலைநுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். அந்த நிரல் சோதனைப் பதிப்புகளை மட்டுமே எட்டியிருந்தது. நிலைத்த பதிப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தப்பின. புதியதை முதலில் வாங்குவதும் பாதுகாப்பானதை முதலில் வாங்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பேட்ச் அடைக்க முடியாத வழிகளும் இருக்கின்றன. ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைச் செருகி எடுத்து வந்தால் கோப்புகளெல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரியும் தொல்லை தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் எவருக்கும் புதிதன்று. பென்டிரைவில் உள்ள நிரல் தானே ஓடும் வசதியை விண்டோஸ் 7 நீக்கியது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அதே திருத்தம் அனுப்பப்பட்டது. அதன் பிறகு தீநிரல்கள், பயனரே சொடுக்கும்படி கோப்புறை வேடம் பூண்டன. ஏமாந்து சொடுக்கும் விரலுக்குப் பேட்ச் கிடையாது. சேதத்தின் எல்லையைக் குறைக்கத்தான் முடியும். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமையற்ற சாதாரணக் கணக்கைப் பயன்படுத்துவது அதற்கு முதல் வழி. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் உடன்வரும் டிஃபெண்டரே ஆன்டிவைரஸாக வீட்டுக்குப் போதும் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போடுவது கணினியை மெதுவாக்குவதற்கு மட்டுமே உதவும். கோப்புகளின் நகலை வெளிவட்டில் எடுத்துவிட்டு அந்த வட்டைக் கழற்றி வைப்பது, ரான்சம்வேர், 1809 போன்ற பழுதான புதுப்பிப்பு, வட்டின் இயற்கை மரணம் ஆகிய மூன்றுக்கும் ஒரே மருந்து. கழற்றாமல் விட்ட வட்டையும் ரான்சம்வேர் பூட்டிவிடும்.

பாதுகாப்பே உரிமையாளரை வெளியே நிறுத்தும் நிலையும் இப்போது தோன்றியிருக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு புதிதாக நிறுவப்பட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழையும்போது, தகுதியுள்ள கணினிகளில் வட்டு தானாகவே மறைகுறியாக்கப்படுகிறது. 48 இலக்க மீட்பு எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. 2024 ஜூலைப் பேட்சுக்குப் பிறகு சில கணினிகள் கிளம்பும்போதே அந்த எண்ணைக் கேட்டன. கணினியை அமைத்துக் கொடுத்த கடைக்காரர் தம் வசதிக்காக ஏதோ ஒரு மின்னஞ்சலில் கணக்குத் திறந்திருந்தால், எண்ணும் அங்கேதான் இருக்கும். கோப்புகள் திரும்பக் கிடைக்கா. அந்த எண்ணைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைப்பது பழம்போக்காகத் தோன்றினாலும் தக்க வழி.

தொலைவிலிருக்கும் நிர்வாகி ஒருநாள் வேலையை விட்டுவிடுகிறார். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 என்று ஆதரவு முடிவு நாள் குறிக்கப்பட்டது. பின்னதற்கு மட்டும் வீட்டுப் பயனர்களுக்கும், கணினி அமைப்புகளைக் கணக்கோடு ஒத்திசைத்தாலோ 30 டாலர் செலுத்தினாலோ 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் நீட்டிக்கப்பட்டன. விண்டோஸ் 11க்குக் குறைந்தது இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு இணையான செயலியும், திறவுகோல்களைக் காக்கும் டிபிஎம் 2.0 சில்லும் தேவை. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பெரும்பாலான கணினிகள் இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. அவற்றில் இன்னும் ஓடுபவற்றுக்கு எஞ்சிய நேர்மையான வழி லினக்ஸ். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்தாண்டும், இலவசமாகப் பதிவு செய்துகொண்டால் பத்தாண்டும் பேட்சுகள் கிடைக்கின்றன. அவற்றைத் தானாக நிறுவும் நிரலும் உடன்வருகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் தனிக் களஞ்சியத்திலிருந்து வருவதால், புதிய வசதிகளை மறுத்துவிட்டு அவற்றை மட்டும் ஏற்பதும் அங்கே இயலும்.

நம்பிக்கை இழந்து குழாயை அடைத்தவர்களுக்கான கணக்கு இப்போது இன்னோர் இடத்தில் வந்து நிற்கிறது. கணினி கிளம்பும்போது ஓடும் முதல் நிரலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் என்ற ஏற்பாடு, 2011இல் வழங்கப்பட்ட சான்றிதழ்களை நம்பி இயங்குகிறது. அவை 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குபவை. மாற்றாக 2023இல் உருவாக்கப்பட்ட சான்றிதழ்கள், வழக்கமான மாதாந்தரப் புதுப்பிப்பு வழியாகவே வீட்டுக் கணினிகளின் தாய்ப்பலகைக்குள் எழுதப்படுகின்றன. அவற்றைப் பெறாத கணினி வழக்கம்போலவே கிளம்பும், வழக்கம்போலவே வேலை செய்யும். கிளப்பு நிரலில் இனிக் கண்டறியப்படும் ஓட்டைகளுக்கான திருத்தங்கள் மட்டும் அதற்குச் சேரா, சேரவில்லை என்று திரையில் தோன்றி எச்சரிக்கும் பெட்டியும் பெரும்பாலும் இராது.